சும்மா நிற்பது

"எத்தனை கிலோ வேணும்மா?"

ரிச்சி தெருவில் அந்தக் கடைக்காரர் இப்படித்தான் கேட்டார். பின்னால் நின்றிருந்த ஒருவர் சிரித்துவிட்டார். வெங்காயம் வாங்க வந்தவள் மாதிரி நான் முழித்தேன். வாங்க வந்தது சர்வோ மோட்டார். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பெட்டி, எடை 55 கிராம். அதைப் போய் கிலோவில் கேட்கிறாரே என்றிருந்தது.

"பத்து கிலோ இருக்கு, இருபது இருக்கு, இருபத்தஞ்சு இருக்கு. எதுக்கு?"

"நாலு கால் ரோபோ, அண்ணா. ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்."

"நடக்குமா?"

"நடக்கும்ணா."

"நிக்குமான்னு முதல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அவர் சொன்னது புரிய எனக்கு நான்கு மாதம் ஆனது.

மின்விசிறியில் இருக்கும் மோட்டாருக்குச் சுற்றுவதுதான் வேலை. சர்வோவுக்கு வேலை வேறு. நீங்கள் ஒரு கோணம் சொல்வீர்கள், அது அந்தக் கோணத்துக்குப் போய் அங்கேயே நிற்கும். ரிமோட் கார் திரும்புவதும், ரிமோட் விமானத்தின் வால் மடல் ஏறி இறங்குவதும் இதனால்தான். உள்ளே பிரித்துப் பார்த்தால் நான்கே நான்கு விஷயம். ஒரு குட்டி டி.சி. மோட்டார். அதன் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும் பல்சக்கர வரிசை. கடைசிச் சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் ஒரு பொட்டென்ஷியோமீட்டர். பழைய ரேடியோவில் சத்தத்தைக் கூட்டக் குறைக்கத் திருகுவோமே, அதே சாமான். அப்புறம் ஒரு சின்ன சர்க்யூட். பொட்டென்ஷியோமீட்டர் "நான் இப்போ இங்க இருக்கேன்" என்று சொல்லும். வெளியிலிருந்து வரும் சமிக்ஞை "நீ அங்க இருக்கணும்" என்று சொல்லும். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறவரை சர்க்யூட் மோட்டாரை விரட்டும்.

அந்தச் சமிக்ஞையும் எளிமையானதுதான். 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 50 தடவை, ஒரு துடிப்பு போகும். துடிப்பின் நீளம் ஒன்றரை மில்லிசெகண்ட் என்றால் நடுவில் நில். ஒன்று என்றால் இந்தக் கோடி. இரண்டு என்றால் அந்தக் கோடி.

கிலோ என்பது முறுக்குவிசை. சரியாகச் சொன்னால் கிலோகிராம் - சென்டிமீட்டர். பத்து கிலோ சர்வோ என்றால், அதன் அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பத்து கிலோவைத் தொங்கவிடலாம். பத்து சென்டிமீட்டர் தள்ளித் தொங்கவிட்டால் ஒரு கிலோதான் தாங்கும். தூரம் கூடக் கூட, அதே எடை அச்சுக்குக் கனத்துக்கொண்டே போகும்.

இதை நான் கல்லூரியில் படித்திருந்தேன். ஆனால் எனக்கு இது புரிந்தது வீட்டில்.

*

எங்கள் ரோபோவுக்கு ஒரு காலுக்கு மூன்று என்று மொத்தம் 12 சர்வோ. முதலில் வாங்கியவை எம்ஜி996ஆர் என்ற உலோகப் பல்சக்கர மாடல். 4.8 வோல்ட்டில் 9.4 கிலோ என்று அட்டையில் போட்டிருந்தது. ஒன்று 350 ரூபாய். மூன்று பேர் பங்கு போட்டு வாங்கினோம். உடம்புக்கு அக்ரிலிக் தகடு, கால்களுக்கு 3டி பிரிண்ட். பேட்டரி, போர்டு எல்லாம் சேர்த்து 2.4 கிலோ. கல்லூரி லேபை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள் என்பதால் ரோபோ எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் வளர்ந்தது.

அன்று இரவு முதன்முறையாக அதை நிறுத்தினோம். முழங்காலை மடக்கி, ஒரு நாய்க்குட்டி பாய்வதற்கு முன்னால் நிற்குமே, அந்த மாதிரி நின்றது. மூன்று பேரும் கத்தினோம், வீடியோ எடுத்தோம். கூடப் படித்தவர்கள் கிளம்பிய பிறகும் நான் அதை அணைக்கவில்லை. ஆசையாக இருந்தது.

ஒன்பதரை வாக்கில் அம்மா வேலையிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, அதன் முன்னால் வந்து நின்றாள்.

"என்னடி இது, முனகுது?"

"நிக்குதும்மா."

"அதான் தெரியுதே. சும்மாதானே நிக்குது, ஏன் முனகுது?" குனிந்து அதன் முழங்காலைத் தொட்டவள் வெடுக்கென்று கையை எடுத்தாள். "கொதிக்குதுடி!"

நான் பதில் தேடுவதற்குள் பின்னங்கால் ஒன்றிலிருந்து கருகல் வாடை வந்தது. ரோபோ ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. ஒரு அடிகூட நடக்கவில்லை. நின்றதற்கே போய்விட்டது.

குற்றம் மோட்டார்மேல் இல்லை. கணக்குப் போடாதது நாங்கள். 2.4 கிலோவை நான்கு காலுக்குப் பிரித்தால் காலுக்கு 600 கிராம். பாதம் தரையில் ஊன்றும் இடத்துக்கும் முழங்கால் அச்சுக்கும் குறுக்கே 8 சென்டிமீட்டர் இருந்தது. 0.6 பெருக்கல் 8, ஆக 4.8. சும்மா நிற்கவே மோட்டாரின் உச்ச வலுவில் பாதி போய்விடுகிறது. நடக்கும்போது இரண்டு கால் மேலே போகும், மிச்ச இரண்டு கால் மொத்த எடையையும் தாங்கும். அப்போது 9.6. அட்டையில் போட்ட எண்ணே 9.4தான்.

அந்த அட்டை எண்ணிலேயே ஒரு விஷயம் இருக்கிறது. அதை ஸ்டால் டார்க் என்பார்கள். மோட்டார் இதற்குமேல் ஒரு இம்மிகூட நகர முடியாமல் திணறி நிற்கும் இடத்தின் எண் அது. அந்த நிலையில் இந்த மாடல் 6 வோல்ட்டில் சுமார் 2.5 ஆம்பியர் இழுக்கும். 15 வாட். அச்சு நகரவில்லை என்பதால் அந்த 15 வாட்டும் சூடாகத்தான் மாறவேண்டும். லேபில் பற்றவைக்கப் பயன்படுத்தும் சால்டரிங் அயர்ன் 25 வாட். கிட்டத்தட்ட ஒரு சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி வைத்த கதை. அனுபவசாலிகள் அட்டை எண்ணில் மூன்றில் ஒரு பங்கை நம்பித்தான் வடிவமைப்பார்கள். மீதியை எப்போதாவது வரும் அவசரத்துக்கு வைத்துக்கொள்வார்கள்.

*

அம்மாவின் கேள்வி என்னை விடவில்லை. சும்மா நிற்பதற்கு ஏன் சூடாக வேண்டும்?

பதினொன்றாம் வகுப்பில் இயற்பியல் சார் ஒரு உதாரணம் சொல்வார். ரயில்வே ஸ்டேஷனில் ஒரு போர்ட்டர் தலையில் பெட்டியை வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர் செய்த வேலை எவ்வளவு? விசை பெருக்கல் இடப்பெயர்ச்சி. பெட்டி நகரவில்லை. அப்படியானால் வேலை சுழி. அவர் சமதரையில் நடந்தாலும், பெட்டியைத் தாங்கும் விசை மேல்நோக்கியும் நடை பக்கவாட்டிலும் இருப்பதால் அந்த விசை செய்த வேலை சுழி. வகுப்பே சிரிக்கும். "அப்ப எதுக்கு சார் காசு குடுக்கணும்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். நானும் சிரித்திருக்கிறேன்.

சூத்திரத்தில் தப்பில்லை. அது பெட்டிமேல் நடந்த வேலையைக் கணக்கிடுகிறது. போர்ட்டரின் உடம்புக்குள் நடப்பதைக் கணக்கிடுவதில்லை. மேசைமேல் பெட்டியை வைத்தால் மேசைக்குச் செலவே இல்லை. தசை அப்படியில்லை. தசையின் இழைகள் பற்றி, விட்டு, மறுபடி பற்றி, ஓயாமல் எரிபொருளை எரித்துத்தான் ஒரு சுமையை அசையாமல் பிடிக்க முடியும். சர்வோவும் அப்படித்தான். எடை அச்சை அழுத்தும், கோணம் நூலளவு பிசகும், சர்க்யூட் அதைப் பார்த்து மோட்டாருக்கு மின்சாரம் விடும், மோட்டார் இழுத்துப் பிடிக்கும், மறுபடி பிசகும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை. கம்பிச்சுருளுக்குள் மின்சாரம் ஓடி ஓடி எரிகிறது.

இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கப் பார்த்தேன். முறுக்குவிசை, தூரம் என்று காகிதத்தில் படம் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் எழுந்துபோய் பீரோவிலிருந்து தன் கல்யாணப் பட்டுப்புடவையை எடுத்துவந்து என் இடதுகையில் மடிப்போடு போட்டாள்.

"எவ்ளோ இருக்கும்?"

"முக்கால் கிலோ?"

"சரி. கையை நீட்டி முந்தானையைக் காட்டு. தோள் உயரத்துக்கு. அப்படியே நில்லு."

ஒரு நிமிடத்தில் தோள் நடுங்க ஆரம்பித்தது. ஒன்றரை நிமிடத்தில் கையைக் கீழே போட்டேன்.

"கஸ்டமர் பார்த்து முடிக்கிற வரைக்கும் இறக்கக் கூடாது" என்றாள் அம்மா. "கையை உடம்போட ஒட்டி வெச்சா அதே புடவை பஞ்சு மாதிரி இருக்கும். நீட்டினாத்தான் கனம். நீ இப்ப படம் போட்டது இதைத்தானே?"

அதைத்தான்.

அம்மா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருக்கிறாள். அப்போது 14 வருஷம் ஆகியிருந்தது. காலையில் ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதுக்கு வெளியே. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி. மற்ற நேரமெல்லாம் நிற்க வேண்டும். ஆடி மாதம், தீபாவளி சமயத்தில் நிற்பது பெரிதாகத் தெரியாதாம், ஓட்டம் இருக்கும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி மாதிரி, தளத்தில் ஒரு ஆள்கூட இல்லாத நேரத்தில் நிற்பதுதான் கொல்லுமாம். "வேலை இருந்தா கால் வலிக்காது. வேலை இல்லாம நின்னாத்தான் வலிக்கும்." வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' 2010இல் வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா படத்துக்குக் கூப்பிட்டார். "நாள் பூரா அங்கதான் இருக்கேன். டிக்கெட் வாங்கி வேற பாக்கணுமா?" என்று அம்மா போகவில்லை.

அவள் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு பச்சையாகப் புடைத்திருக்கும். வெரிகோஸ். நான் ஐந்தாவது படிக்கும்போது அதைப் பச்சை குத்தியது என்று நினைத்திருக்கிறேன். தினமும் இரவு வாளியில் வெந்நீரும் கல்லுப்பும் போட்டுக் காலை விட்டு உட்காருவாள். பிறகு சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுப்பாள். ஒரு நாளும் அதை நான் வேலையோடு சேர்த்து யோசித்ததில்லை. அது அம்மாவின் பழக்கம், அவ்வளவுதான்.

*

"இருபது கிலோவே வாங்கிக்கோ" என்று பணத்தைக் கொடுத்ததும் அம்மாதான். சீட்டு எடுத்த பணம். எதற்காக அந்தச் சீட்டைப் போட்டிருந்தாள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வாங்கியிருக்க முடியாது என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும்.

இடுப்புக்கும் முழங்காலுக்கும் மட்டும் எட்டு டிஜிட்டல் சர்வோ வாங்கினேன். பழையதற்கும் இதற்கும் எடையில் பெரிய வித்தியாசமில்லை. உள்ளேயும் அதே மோட்டார், சக்கரம், பொட்டென்ஷியோமீட்டர்தான். மாறுவது சர்க்யூட். பழைய அனலாக் சர்வோ நொடிக்கு 50 தடவைதான் தன்னைத் திருத்திக்கொள்ளும். பிசகு சின்னதாக இருந்தால் மோட்டாருக்குப் போகும் துடிப்பும் சின்னது, அதனால் இலக்குக்குப் பக்கத்தில் வந்ததும் பிடி தளர்ந்துவிடும். டிஜிட்டல் சர்வோவில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் உட்கார்ந்துகொண்டு நொடிக்கு 300 தடவைக்கு மேல் மோட்டாரைத் தட்டும். கொஞ்சம் பிசகினாலும் முழு வலுவோடு இழுக்கும். விரலால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. சுவரைத் தள்ளுவது போலிருந்தது.

அதற்கு விலை உண்டு. மின்சாரம் கூடுதலாக இழுக்கும். சீக்கிரம் சூடேறும். அப்புறம் அந்தச் சத்தம். நொடிக்கு 300 துடிப்பு என்பது நம் காதுக்கு ஒரு சுருதி. நின்றுகொண்டிருக்கும் ரோபோ பன்னிரண்டு கொசு சேர்ந்த மாதிரி ரீங்கரித்தது. பழையதுக்குச் சின்னச் சின்னப் பிசகு கண்ணில் படாது, அதுவரை ஓய்வு. புதியதுக்கு எல்லாம் தெரியும், அதனால் ஓய்வு இல்லை.

சர்வோ என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று ரிப்போர்ட்டில் எழுதுவதற்காகத் தேடினேன். கப்பலின் சுக்கானை நீராவியால் திருப்பும் கருவியைச் செய்த ஃபார்க்கோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1873இல் ஒரு புத்தகம் போட்டார். அதன் தலைப்பில் 'சர்வோ மோட்டார்' என்பதற்குப் பக்கத்திலேயே விளக்கமும் வைத்தார்: அடிமைப்படுத்தப்பட்ட மோட்டார். லத்தீனில் 'செர்வுஸ்' என்றால் அடிமை. ரிப்போர்ட்டில் அந்தப் பத்தியை எழுதிவிட்டு அழித்தேன். பிறகு மறுபடி எழுதினேன்.

*

வலு கூடிய பிறகும் சூடு போகவில்லை. அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிந்தது, கூடுதல் கிலோ வாங்குவது பாதி வழிதான் என்று.

முதலில் நிற்கும் விதத்தை மாற்றினேன். அம்மா சொன்ன புடவைக் கணக்குதான். முழங்காலை மடக்கி ஸ்டைலாக நிற்பதை விட்டுவிட்டு, காலை நிமிர்த்தி, பாதத்தை முழங்காலுக்கு நேர்க்கீழே கொண்டுவந்தேன். 8 சென்டிமீட்டர் 3 ஆனது. 4.8 கிலோ 1.8 ஆனது. எடை இப்போது மோட்டார்மேல் இல்லாமல் எலும்பு வழியாகத் தரைக்கு இறங்கியது. ரீங்காரம் பாதியாகக் குறைந்தது.

அடுத்தது ஓய்வு. நடக்காத நேரத்தில் எதற்காக நிற்கவேண்டும்? வயிற்றைத் தரையில் இறக்கி, சமிக்ஞையை நிறுத்திவிடலாம் என்று புரோகிராமில் ஒரு கட்டளை எழுதினேன். பெயர் 'அமர்'. ஓட்டிப் பார்த்தேன். ரோபோ மடங்கி இறங்கியது. சமிக்ஞை நின்றது. ரீங்காரம் நிற்கவில்லை.

ஒரு வாரம் அதோடு போராடினேன். வயரில் தப்பா, போர்டில் தப்பா என்று எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டினேன். தப்பு எதுவும் இல்லை. பல அனலாக் சர்வோக்கள் சமிக்ஞை நின்றதும் துவண்டுவிடும். டிஜிட்டல் சர்வோக்களில் சில மாடல்கள் அப்படியில்லை. சமிக்ஞை நின்றாலும், கடைசியாக எங்கே நிற்கச் சொன்னோமோ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். நான் வாங்கியது அந்த ரகம். சொல்கிற ஆள் போய்விட்டான், இது இன்னும் விறைத்துக்கொண்டு நிற்கிறது.

இதை அம்மாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "எங்க கடையில ஸ்டூல் வந்துச்சே, அந்தக் கதைதான்" என்றாள்.

எனக்கு அந்தக் கதை தெரியாது. வீட்டுக்குள்ளேயே இருந்த கதை.

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி என்ற தையல்காரரின் முன்முயற்சியில் பல வருஷம் போராடினார்கள். 2018இல் கேரளம் கடை ஊழியர்கள் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் தன் 1947ஆம் வருஷத்துக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்க மசோதா கொண்டுவந்து நிறைவேற்றியது. வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார ஊழியர் எல்லோருக்கும் இருக்கை இருக்கவேண்டும். அவ்வளவுதான் அந்தப் பிரிவு. அதைச் சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டது.

"ஸ்டூல் வந்துச்சு. பிரிவுக்கு ரெண்டு. முதல் நாள் யாருமே உட்காரலை. நானும் உட்காரலை. யாரும் திட்டலைடி. வேணாம்னுகூட யாரும் சொல்லலை. ஆனா சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தா காலு தானா எந்திரிச்சுக்குது. அவர் இல்லைன்னாலும் எந்திரிச்சுக்குது. ஒரு மாசத்துல அது மேல அட்டைப்பெட்டி அடுக்கிட்டாங்க."

பதினான்கு வருஷம் வந்த சமிக்ஞை. நின்றபிறகும் கால் பிடித்துக்கொண்டே இருக்கிறது.

*

தீர்வு கடைசியில் எளிமையானது. சமிக்ஞையை நிறுத்தினால் போதாது, மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். சர்வோக்களுக்குப் போகும் மின்வழியில் ஒரு ரிலே வைத்தேன். 'அமர்' என்றதும் ரோபோ முதலில் வயிற்றுக்கு இறங்கும். கடைசி ஒரு சென்டிமீட்டரில் ரிலே 'டக்' என்று விடும். பல்சக்கரங்களின் உராய்வில் அது தொப்பென்று விழாமல் மெல்லத் தழைந்து தரையில் படியும்.

முதல்முறை அது சரியாக வேலை செய்தபோது இரவு பத்து மணி. அம்மா வாளியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். ரீங்காரம் நின்றதும் கூடத்தில் இருந்த அமைதி எங்கள் இருவருக்குமே விநோதமாக இருந்தது. மாதக்கணக்காக அந்தச் சத்தத்தோடு பழகியிருந்தோம். சுவர்க்கடிகாரம் கேட்டது.

"இப்பத்தான் மூச்சு விடுது" என்றாள் அம்மா.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ரோபோவைச் சுற்றி வந்து பார்த்தார். நடந்தது, கொஞ்சம் தள்ளாடினாலும் ஆறடி நடந்தது. "இதில் உங்கள் பங்களிப்பு என்ன?" என்றார். கூடப் படித்தவன் நடைக்கான கணக்கைச் சொன்னான். இன்னொருத்தி எடையைக் குறைத்த விதத்தைச் சொன்னாள். என் முறை வந்தது.

"உட்கார வெச்சேன், சார்."

அவர் சிரித்தார். நான் சூட்டு அளவுகளை எடுத்துக் காட்டினேன். மடங்கிய நிலையில் எவ்வளவு, நிமிர்ந்த நிலையில் எவ்வளவு, அமர்ந்த பிறகு எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது, பேட்டரி எத்தனை நிமிடம் கூடுதலாக வருகிறது என்று. சிரிப்பை நிறுத்திவிட்டு அட்டவணையைக் கடைசிவரை படித்தார். "நின்னா வொர்க் டன் ஸீரோதானேம்மா?" என்று கேட்டார், சோதிப்பதற்காகத்தான்.

"பெட்டிக்கு ஸீரோ, சார்" என்றேன்.

இப்போது எனக்கு வேலை கிடைத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. அம்மாவை வேலையை விடச் சொன்னால் கேட்கவில்லை, "உட்கார்ந்து என்ன பண்ண?" என்கிறாள். ரொம்பச் சண்டை போட்டு டாக்டரிடம் கூட்டிப்போனேன். காலுக்கு இறுக்கமான சாக்ஸ் எழுதிக் கொடுத்தார். இந்த ஸ்கேனை முன்னாடியே எடுத்திருக்கலாமே என்று அவர் கேட்டபோது, அம்மா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். சீட்டு எதற்கென்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

கருகிப்போன அந்த முதல் சர்வோ இன்னும் என் மேசையில் இருக்கிறது. இரவு அம்மா உள்ளே வந்ததும் நான் ஒரே கேள்விதான் கேட்கிறேன்.

"இன்னிக்கு உட்கார்ந்தியா?"

முதலில் பதிலே வராது. பிறகு "போடி" என்பாள். போன வாரம் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள், "அந்த அட்டைப்பெட்டியை இறக்கி வெச்சேன்."

நேற்று கேட்டேன். விரலை விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"ரெண்டு தடவை."